மீன் கண்ணில் எத்தனை இனம்

மீன் கண்ணை நோண்டுவதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் லப்பைக்குடிகாட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகம் சுளிப்பார்கள். இரண்டும் பழகிவிட்டது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். தற்காலிக வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்து ஏரிகளுக்குப் பஸ் ஏறுவேன். கரையில் மீன் வெட்டுகிறவர்களிடம் தலையை மட்டும் கேட்டு வாங்குவேன்.

"தலைக் கொழம்புன்னா அவ்ளோ புடிக்குமா டீச்சர்?" என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இருப்பதில்லை.

கண்ணுக்குள்ளே தட்டைப்புழு இருக்கும். மீன் தின்னும் பறவையின் குடலில் அது வளர்ந்து முட்டையிடும். முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழும். பொரிந்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகி, வெளியே வந்து, மீனின் தோலைத் துளைத்து நேராகக் கண்ணுக்குப் போய்விடும். கண் வெள்ளை பூத்துப்போகும். பார்வை மங்கிய மீன் மேலே மேலே வந்து தடுமாறும்போது பறவைக்கு அதைக் கொத்துவது சுலபம். புழு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். கண்டகண்ட புழுவுக்கெல்லாம் வீடு திரும்ப வழி இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குத்தான் இல்லை என்று எரிச்சலாக இருக்கும்.

அவர் கத்தாரில் இருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து லீவுக்கு வந்துபோகும் மனுஷன்தான். நான் பிஎச்டி முடித்தால் நிரந்தர வேலைக்கு முயற்சி செய்யலாம். அதுவரை குடும்பம் அவர் அனுப்புவதில் ஓட வேண்டும். "முடிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு புள்ள, இன்ஷா அல்லாஹ் அன்னைக்கே பெட்டியைக் கட்டிடுறேன்" என்பார். அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிவதாக இருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பாக்கி இருந்தது ஒரே கேள்வி. இந்தப் பக்கத்து மீன்களின் கண்ணில் இருப்பது ஒரே இனப் புழுவா, பலவா? லென்ஸுக்குள் இருப்பவை கொழுத்து, அசையாமல் கிடக்கும். லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் கூழில் இருப்பவை மெலிசாக, நெளிந்துகொண்டே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்து உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். டிஎன்ஏ பார்த்தால்தான் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் சின்னச் சின்னப் புட்டிகளில் ஆல்கஹாலில் போட்டு, திருச்சியில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்காகத் துறை அலமாரியில் வைத்திருந்தேன்.

அப்போது பார்த்து, தரம் சோதிக்கும் ஆய்வுக் குழு வருகிறது என்று கல்லூரிக்கு ஜுரம் கண்டது. குழு வந்தால் விலங்கியல் துறையில் ஒரு சடங்கு உண்டு. மியூசியத்தில் பாம்பும் தேளும் ஊறிக்கிடக்கும் புட்டிகளை எல்லாம் துடைத்து, வற்றியிருக்கும் அளவுக்கு ஃபார்மலின் ஊற்றி வைக்க வேண்டும். வற்றிய புட்டி ஒன்று கண்ணில் பட்டாலும் துறைக்கே அவமானம் என்பது எங்கள் துறைத்தலைவரின் கொள்கை. என்னை அந்த வாரம் அரியலூருக்குத் தேர்வு மேற்பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது என் புட்டிகள் மியூசியப் புட்டிகளோடு வரிசையாக நின்றன. பளபளவென்று துடைத்திருந்தது.

"எல்லாத்தையும் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேங்க மேடம். உங்களுதுதான் ரொம்ப வத்திக் கெடந்துச்சு" என்றார் ஆய்வக உதவியாளர்.

ஒரு மூடியைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. ஃபார்மலின்! புழுவை அது அழகாகப் பாதுகாக்கும், உள்ளேயிருக்கும் டிஎன்ஏவைப் பாழாக்கிவிடும். அடப்பாவி மனுஷா என்று வாய் வரை வந்தது. அவர் பாராட்டுக்குக் காத்து நின்றார். மூடியைத் திருகி மூடினேன். ஒரு நப்பாசையில் சிலவற்றைத் திருச்சிக்கு அனுப்பியும் பார்த்தேன். "ஒண்ணுமே வரலை மேடம்" என்று போன் வந்தது.

துறைத்தலைவரிடம் போனேன்.

"புழு எங்கயும் போயிடலையே? உள்ளதானே இருக்கு?" என்றார்.

"இருக்கு சார். ஆனா எத்தனை இனம்னு இனிமே சொல்ல முடியாது."

"ஒரே இனம்னு எழுதுங்க. யாரும்மா பெரம்பலூருக்கு வந்து மீனோட கண்ணைப் பொளந்து பாக்கப்போறா? சீக்கிரம் முடிச்சு வெளிய வாங்க."

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். மறுபடி சேர்க்கலாம் என்றால் அது மாசி கடைசி. ஏரிகள் வற்றி, மீனை ஏலம் விட்டு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இனி ஐப்பசி மழை பெய்து, தண்ணீர் தேங்கி, நத்தை பெருகி, பறவை வந்து, அப்புறம்தான் மீன் கண்ணில் புழு. ஒரு வருஷம் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கத்தாரிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "கம்பெனியில கேக்குறாங்க. புதுப்பிக்கலைன்னு சொல்லிடவா?"

நடந்ததைச் சொன்னேன். துறைத்தலைவர் சொன்ன யோசனையையும் மறைக்கவில்லை.

"அப்படியே எழுதிடேன் புள்ள. ஒண்ணோ ரெண்டோ, புழுதானே?" என்றார். கெஞ்சுகிற குரல். அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

"ரெண்டுன்னுதாங்க எனக்குத் தோணுது. எத்தனை நாளாப் பாக்குறேன்! தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத எனக்கு வரலை. இன்னும் ஒரே ஒரு வருஷத்துக்குப் போட்டுக்கங்க."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

"ஒரு வருஷத்துக்கெல்லாம் இங்க போட மாட்டாங்க. போட்டா ரெண்டு வருஷம்தான்."

எனக்கு அது தெரியாது. அவரும் அதுவரை சொன்னதில்லை. சரி என்றேன். அவரும் சரி என்றார்.

மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டதாக மெசேஜ் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.