ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

என் மனைவி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தாள். சிதம்பரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் போய் வருவாள். பிள்ளைகளை ஓடச் சொல்லிவிட்டு நிழலில் நிற்கிறவள் இல்லை, கூடவே ஓடுவாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. அசதி விடவில்லை.

தலை வாரினாலே கை சோர்ந்து விழும். எவ்வளவு தூங்கினாலும் களைப்பு தீராது. ரத்தம், தைராய்டு, ஸ்கேன் என்று எடுக்காத பரிசோதனை இல்லை. எல்லாம் நார்மல். வேலைக்குப் போவது நின்றது.

"நல்லா சாப்புடுறா, தூங்குறா. வேலைக்குப் போவ சோம்பல்" என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னார். நான் மறுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "படுத்தே கெடந்தா உடம்பு இப்படித்தான் இருக்கும். வா, நாலு வீதியும் ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்றேன்.

"முடியலங்க."

"மனசு வச்சா முடியும்."

வந்தாள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி வரை பேசாமல் நடந்தாள். வடக்கு வீதி திருப்பத்தில் ஒரு வளையல் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோவில் கூட்டி வந்தேன். மறுநாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் கழிப்பறைக்கு நான்தான் தூக்கிப் போனேன்.

கடைசியில் அண்ணாமலை நகரில் ஒரு டாக்டரம்மாதான் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். நாள்பட்ட களைப்பு நோய் என்றார்.

"கட்டாயப்படுத்தி நடக்க வச்சா ஜாஸ்திதான் ஆவும். ஏதோ ஒரு ஜீனுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்னும் உறுதியா தெரியல. குணமாக்குற மருந்தும் இப்போதைக்கு இல்ல."

மருந்து இல்லை என்றதற்கு அவள் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்து படுக்கவைத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏதோ ஒரு ஜீனாம், பொறப்புலயே இருந்திருக்கலாமாம். நான் நடிக்கலன்னு இப்பயாவது நம்புறீங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எங்கள் மகள் கதவருகே நின்றாள். பன்னிரண்டு வயது.

"அப்பா, எனக்கும் அந்த ஜீன் இருக்குமா?"

"தெரியலம்மா" என்றேன்.

பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுத்திருந்த பெயரை மறுநாளே அவள் எடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.