இல்லாதவர் பேரில் ஒரு சத்தியம்

தொழிலாளர் துறை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விபத்து விசாரணையில் சாட்சி சொல்ல எதிரே நின்றவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"கடவுள் பேரால உண்மை சொல்றேன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க."

"எனக்கு அந்த நம்பிக்கை இல்லைங்க. மனசாட்சிப்படி சொல்றேன்னு எழுதிக்குங்க."

கம்பெனி வக்கீல் சிரித்தார். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசருக்கும் உதடு கோணியது. சிரிக்கக் காரணம் இருந்தது.

பதினாறு வருஷமாகத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நிற்கிற இவனுக்கு ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர் நாத்திகம். "நாத்திகம், ஸ்பேனர் எங்கய்யா?" என்று கேட்டால், "சாமி சத்தியமா நேத்தே குடுத்துட்டேன்" என்பான். நட்டு கழன்றால் கடவுளே, தகடு வெட்டும் டை அச்சு சரியாக உட்கார்ந்தால் ஆண்டவன் புண்ணியம். திட்டும்போதும் அவனுக்குச் சாமி வேண்டும். ஓடாத மோட்டாரைப் பார்த்து, "நீ நல்ல கதிக்கே போகமாட்டே" என்று சபிப்பான். கேன்டீன்காரர் ஒருநாள், "இருக்குன்னு நம்புற நானே ரெண்டு தடவைதான்பா கூப்பிடுறேன், நீ நூறு தடவை கூப்பிடுறியே" என்றார். "இல்லாததாலதான் கோவிச்சுக்க மாட்டேங்குது" என்றான் இவன். கேன்டீனே சிரித்தது. வீட்டில் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. "சத்தியம் பண்ணாம சொல்லு, நம்புறேன்" என்பாள்.

இந்த அறையில் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவன் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பெஞ்சின் ஓரத்தில் வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் அவன் மனைவியின் தம்பி. பக்கத்து மெஷினில் மூன்று விரலைக் கொடுத்தவன். கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினுக்கு ஒரு கம்பிக் கதவு உண்டு. ஒவ்வொரு தகட்டுக்கும் திறந்து மூடினால் நேரம் வீணாகிறது என்று சூப்பர்வைசர்தான் அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்தார். கதவு மாட்டித்தான் இருந்தது, அடிபட்டவனே கழற்றிவிட்டான் என்கிறது கம்பெனி. கம்பெனி சொல்வது நிலைத்துவிட்டால் குற்றம் மச்சினன் தலையில் விழும். கையும் போய், வேலையும் போய், கெட்ட பெயரோடு வெளியே போவான்.

"கதவு அன்னைக்குக் காலையிலேயே இல்லைங்க. நான் பார்த்தேன்" என்றான்.

வக்கீல் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"விபத்து நடந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க சொன்னது. 'கதவு மாட்டியிருந்தது, சாமி சத்தியம்.' கீழே இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

மச்சினன் தலை நிமிர்ந்தது. அவனுக்கு இது தெரியாது.

"என் கையெழுத்துதான்."

"மாமா" என்றான் மச்சினன்.

"அன்னைக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னது பொய், இன்னைக்குச் சத்தியமே பண்ணாம சொல்றது உண்மை. அப்படித்தானே?" என்றார் வக்கீல்.

அவன் தாளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான். அன்று ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்தது. சூப்பர்வைசர் தோளில் கைபோட்டு, "அவன் கைதான் போச்சு, உன் வேலையாவது இருக்கட்டும். கதவு இருந்துச்சுன்னு சாமி மேல சத்தியம் பண்ணு, எழுதிக்கிறேன்" என்றார். பழகிய வாய். தண்ணீர் குடிப்பதுபோல வந்துவிட்டது.

"ஏன் சொன்னீங்க?" அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சூப்பர்வைசர் என் பொண்ணு மேல சத்தியம் கேட்டிருந்தா வாயே திறந்திருக்காதுங்க. இல்லாதவர் பேர்ல கேட்டார், சுலபமா குடுத்துட்டேன்."

"அப்ப இப்ப உங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க" என்றார் வக்கீல், பட்டென்று.

அறையில் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். சூப்பர்வைசரும்.

"மாட்டேன். அவ எதுக்குங்க இதுல? பொய் சொன்னவன் நான்."

"பார்த்தீங்களா சார்..."

அதிகாரி கையைக் காட்டி வக்கீலை நிறுத்தினார். "அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன ஆகியிருக்கும்?"

"வேலை போயிருக்கும்."

"இன்னைக்குச் சொன்னா?"

அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் பார்வையை விலக்கவில்லை.

"இன்னைக்கும் போகும்."

அதிகாரி இரண்டு பதிலையும் ஒரு சொல் விடாமல் எழுதினார். 'முன்பு நான் சொன்னது பொய்' என்ற வரியை அவனுக்குத் தனியாகப் படித்துக் காட்டி, தாளைத் திருப்பி வைத்தார். அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தபோது பெஞ்சில் மச்சினன் சற்று நகர்ந்து இடம் விட்டிருந்தான். ஆனால் மாமன் முகத்தைப் பார்க்கவில்லை.