கணவருக்கு அரைப் பக்கம்

மாலைக் கல்லூரியில் அவளை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். விரிவுரையாளருக்கே அவளைவிட வயது குறைவு. அவரும் ஒருநாள் வாய்தவறி, "அக்கா, அடுத்த பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட, அன்றோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பகலில் அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு ஆறுவதற்குள் பேருந்து பிடித்து வகுப்புக்கு வந்துவிடுவாள்.

அந்தப் பருவத்தில் பாடம் ஒரு பழங்காலக் கவிஞன். மனைவியைக் கொஞ்சுவதைக்கூட வழக்காடுவதுபோல எழுதியவன்; கடவுளையும் விட்டுவைக்கவில்லை, அவரிடமும் வாதாடினான். பிரிவைப் பற்றிய ஒரு பாட்டில், நடுவில் கதவு இருந்தால் என்ன, அதற்குப் பக்கம்தான் இரண்டு, பலகை ஒன்றுதானே, நான் கைவைத்த பலகையில்தானே நீயும் கைவைக்கிறாய் என்று கேட்டிருந்தான். அக்காவுக்கு எரிச்சல் வந்தது.

"இவ்ளோ பேசுறவன் கதவைத் திறந்துட்டு உள்ள போயிருக்கலாமே!"

வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு, "அவன் வாழ்க்கையைப் படிச்சிட்டு வாங்கக்கா. அப்புறம் திட்டுங்க" என்றார்.

படித்தாள். ஒரு பெரிய மனிதரிடம் எழுத்தராக இருந்த கெட்டிக்காரன். எசமானின் மகளை ரகசியமாக மணந்துகொண்டான். விஷயம் வெளியே வந்ததும் வேலை போயிற்று. மாமனார் அதோடு விடவில்லை. அவன் போகிற இடமெல்லாம் ஆள்விட்டுச் சொல்லி வைத்தார். அந்தக் காதல் கவிதைகளில் பாதி, பிழைப்புத் தேடி அவன் நாயாய் அலைந்த காலத்தில் எழுதியவை.

அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள்.

அவளுடைய அப்பா இரும்புக் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். அங்கே இயந்திரத்தில் நின்றவர்தான் அவள் கணவர். அடுத்த மேஸ்திரி அவர்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதன்பிறகு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. பேருந்து கழுவப் போனார். பிறகு ஓட்டக் கற்று ஓட்டுநரானார். அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாணலிக் கைப்பிடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, மெஷின் வேலைய விட்டது உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இல்லாம? கொஞ்ச வருஷம் வரைக்கும், எங்கயாவது இரும்பு கடையிற சத்தம் கேட்டா வண்டி தானா மெதுவாயிடும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ உங்க அம்மாவ நெனச்சு அழுதுட்டு இருந்த. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா அடுப்ப யாரு பத்தவைக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுப் பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டினாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆளு நல்லாத்தான் பேசுறான். சமைப்பானா?" என்றார்.

அந்த வாரமே கட்டுரை எழுதினாள். வாய்ச்சவடால் என்று தான் நினைத்தது, எல்லாம் இழந்த ஒருவன் இது நஷ்டமில்லை என்று மனைவியைத் தேற்றுகிற குரல் என்று எழுதினாள். அப்படித் தேற்றக்கூட வாய் திறக்காத ஒருவரைப் பற்றி, நன்றியோடு, கடைசியில் அரைப் பக்கம் சேர்த்தாள்.

மதிப்பெண் சுமார்தான். ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: "கணவர் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை."

கட்டுரையை எடுத்துக்கொண்டு அக்கா நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த அரைப் பக்கத்தை எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தார்.

"டிரைவர், வண்டி கிளம்புமா, கிளம்பாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இருங்க சார், இன்னும் நாலு வரிதான்" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.