கணவன் மூக்கில் இருந்த கிருமி

அவள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். கணவன் அதே மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் புண்ணுக்குக் கட்டுப் போடுபவன். காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்கி ஆளுக்கொரு வாசலாகப் பிரிவார்கள். அவன் கை பட்டால் வலி தெரியாது என்று நோயாளிகள் அவனையே கேட்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அந்த மழைக்காலத்தில் அறுவை முடிந்தவர்களின் தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீழ் பிடித்தன. ஒரு பெரியவருக்குக் கால் தையலைத் திரும்பக் கிழித்துச் சீழை எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கிருமி. எந்த மருந்துக்கு அது அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்பதும்கூட எல்லாப் புண்களிலும் அச்சு அசலாக ஒன்றே. பிரிவில் யாரோ ஒருவரிடமிருந்து பரவுகிறது என்று ஊகித்த அறுவை மருத்துவர், தன்னையும் சேர்த்து அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து அனுப்பினார்.

மறுநாள் அவள் கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டியைத் திறந்தாள். ரத்தம் கலந்த கூழ்த் தட்டு ஒன்றில் பொன்நிறப் பொட்டுகள் வளர்ந்திருந்தன. பொட்டுகளைச் சுற்றி ரத்தம் கரைந்து வெளுத்திருந்தது. தட்டின் அடியில் கணவன் பெயர். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள்: ஊதா நிறத்தில், திராட்சைக் கொத்துப்போல அதே கிருமி. மனசு கேட்கவில்லை. அவனை மறுபடி வரச்சொன்னாள்.

"முதல் குச்சி என்ன ஆச்சு?"

"சரியா எடுக்கல," என்று பொய் சொன்னாள்.

இரண்டாவது தட்டிலும் பொன்நிறம்தான். மருந்துச் சோதனையும் புண்களில் வந்ததோடு ஒத்துப்போனது. மருத்துவருக்கு எழுதி அனுப்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டான்: "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல? டாக்டர் வாயால கேக்கணுமா நான்?"

"சொல்லியிருந்தா இன்னொரு தடவை பாருன்னு நிப்பீங்க. அதையும் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

"அந்தப் பெரியவர் காலைத் திரும்பக் கிழிச்சாங்களே. அது என்னாலயா?" என்றான்.

அவளுக்கு மழுப்ப மனம் வரவில்லை. "உங்ககிட்ட இருந்து போனதாத்தான் தெரியுது. நிறைய பேர் மூக்குல இது சும்மா கிடக்கும், அவங்களுக்கே தெரியாது. களிம்பு போட்டா போயிடும்."

களிம்பு முடியும்வரை அவனைப் பிரிவுக்குள் விடவில்லை. கூட வேலை செய்பவர்கள் 'தங்கமூக்கு' என்று பெயர் வைத்தார்கள். மனைவியிடம் அளந்து அளந்துதான் பேசினான். அடுத்த சோதனையில் தட்டு சுத்தமாக இருந்தது. அன்றே போய், நடந்ததை அந்தப் பெரியவரிடம் ஒளிக்காமல் சொன்னான்.

அவர் அவனைச் சற்று முறைத்தார். பிறகு காலை நீட்டினார். "மூக்கை நல்லா மூடிக்கிட்டுக் கட்டைப் பிரி தம்பி. நேத்து கட்டுப் போட வந்தவன் வலியில உயிரை எடுத்துட்டான்."