வானத்தைப் பார்த்து நின்ற ஆன்டெனா

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் பதினோரு டிவி ஆன்டெனாக்கள் இருந்தன. பதினொன்றும் பெங்களூரைப் பார்த்து நின்றன. எங்கள் மாடியில் நான் வைத்த பன்னிரண்டாவது மட்டும் வானத்தைப் பார்த்தது. இப்போது அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. போன மாதம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தொழிற்பேட்டையில் பல்சக்கரங்களை அளந்து தேர்வு செய்வது என் வேலை. மைக்ரோமீட்டரும் கையுமாக எட்டு மணி நேரம் கழித்துவிட்டு வந்தால், மிச்சப் பொழுது ஹாம் ரேடியோவுக்கு. பேசுவதைவிடக் கேட்பதில்தான் எனக்கு ஆசை. அதிலும் சின்னச் செயற்கைக்கோள்களைக் கேட்பதில். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் எங்கோ ஒன்றுசேர்ந்து செய்து, பெரிய ராக்கெட்டின் ஓரத்தில் இடம் கேட்டு ஏற்றிவிட்டவை அவை. அதில் ஒன்று மோர்ஸ் ஒலியில் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு சுற்றியது. முதலில் நான்கு குற்றொலி, பிறகு இரண்டு. அது வணக்கம். அதன்பின் வரிசையாக எண்கள். பேட்டரியில் எவ்வளவு, உள்ளே சூடு எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு எண். நம் தலைக்கு மேல் ஏறி இறங்க, போனால் பதினைந்து நிமிடம்.

அந்த வருடம் அதன் பேட்டரி எண் இறங்கிக்கொண்டே வந்தது. எந்தச் சுற்றோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடப்பதைப்போல எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்தார். பாகலூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். கீழே அவர், மேலே வாடகைக்கு நாங்கள்.

"சார், உங்க கம்பியால எங்க டிவில கோடு கோடா ஓடுது. தெரு பூரா இதே பேச்சு. ஞாயித்துக்கெழம படம் பாக்க என் தம்பி கிருஷ்ணகிரில இருந்து வர்றான். அதுக்குள்ள கம்பி எறங்கணும். இல்லேன்னா வேற வீடு பாத்துக்கங்க."

"இது கேக்கற கம்பிம்மா. எதையும் அனுப்பாது."

"கேக்குதோ அனுப்புதோ, அது வந்தப்பறம்தான் கோடு வந்துச்சு."

கணக்கு அப்படியில்லை. என் ஆன்டெனா வந்து ஏழு மாதம். கோடு வந்து மூன்று வாரம். அதே மூன்று வாரமாக என் ரேடியோவிலும் அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல் ஓர் இரைச்சல். செயற்கைக்கோள் உச்சிக்கு வரும் ஐந்தாறு நிமிடம்தான் காதில் விழுந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்கள் இரைச்சலில் முழுகிப்போயின. கீழே டிவியைப் போட்டால் இரைச்சல் வரும், அணைத்தால் நிற்கும்.

அவர்கள் ஆன்டெனாக் கம்பத்தைப் பார்த்தேன். வரும் அலையைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் டப்பா ஒன்று, புதிதாக. தம்பி கொடுத்தது. கிருஷ்ணகிரிக்குப் பெங்களூர் தூரம். அங்கே அது இல்லாமல் படம் தெரியாது. ஓசூரில் எல்லையைத் தாண்டினால் பெங்களூர். இங்கே அலை ஏற்கெனவே பலமாக வருகிறது. அதையும் பெருக்கினால் பூஸ்டர் தானாகவே ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளைதான் தெரு முழுவதும் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

இதை அவரிடம் விளக்கினேன். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான். தம்பி ஆசையாகக் கொடுத்ததைக் குறை சொல்கிறேன் என்பது வரை எனக்குப் புரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கக் கீழே போனேன். கூடவே வந்த என் மனைவி என்னைக் கேட்காமலேயே, "எங்களுத மொதல்ல கழட்டிடறோம்க்கா. அப்பவும் கோடு ஓடுச்சுன்னா உங்க டப்பாவ எடுத்துடணும். சரியா?" என்றாள்.

அன்றைய கடைசிச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. மாடிக்குப் போய் நான்கு போல்ட்டையும் கழற்றிக் குழாய்களைத் தரையில் கிடத்திவிட்டு வந்தேன். கன்னடப் படம் ஆரம்பித்திருந்தது. கதாநாயகி முகத்தில் ஏழு கோடுகள்.

டிவிக்கு முன்னால் சம்மணமிட்டிருந்த தம்பி அசரவில்லை. "எறக்கின ஒடனே போயிடாது சார். காத்துல கொஞ்ச நேரம் இருக்கும்."

"அது என்னாண்ணா, சாம்பிராணிப் பொகையா?" என்றாள் என் மனைவி. கூடம் சிரித்தது.

பத்து நிமிடம் பார்த்தார்கள். ஏழு கோடும் அப்படியே இருந்தன. வீட்டுக்காரம்மா தம்பி பக்கம் திரும்பாமல், "போயி கழட்டுங்க சார்" என்றார்.

பூஸ்டரை விலக்கி, டிவி ஒயரை நேராக அவர்கள் ஆன்டெனாவில் முறுக்கினேன். கீழேயிருந்து "வந்துடுச்சு!" என்று சத்தம். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே சத்தம். அதற்கும் மேலாக வீட்டுக்காரம்மாவின் குரல்: "டேய், உன் டப்பாவ கிருஷ்ணகிரிக்கே தூக்கிட்டுப் போடா!"

அந்தத் தம்பிதான் மாடிக்கு வந்து, நான் போல்ட் முறுக்கும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க ஊர்ல இதுல கண்ணாடியாட்டம் தெரியுது."

"உங்க ஊருக்கு அது நல்ல சாமான்தாங்க" என்றேன். அது உண்மையும்கூட.

ஹெட்போனை மாட்டினேன். இரைச்சலே இல்லை. தெற்கே ஏறத் தொடங்கும்போதே பிடித்துவிட்டேன். நான்கு, இரண்டு. பேட்டரி எண் முந்தின நாளைவிட இரண்டு குறைவு. ஆனால் உயிரோடு இருந்தது. கீழே படத்தின் நடுவில் செய்தி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்தார்.

"இதுக்காவ வீட்டையே காலி பண்ணச் சொன்னேன். அப்படி என்னாதான் பேசுதுன்னு நானும் கேக்கறேன், குடுங்க."

இருந்தது ஒரே ஹெட்போன். பாதிச் சுற்று பாக்கி. கொடுத்தேன்.

"கீச்சு கீச்சுங்குது. இவ்ளோதானா?"

"பேட்டரி எவ்ளோ மிச்சம்னு சொல்லுதும்மா. கொறஞ்சிட்டே வருது."

"அய்யய்யோ. அங்க போயி யாரு மாத்துவாங்க?"

"யாராலயும் முடியாது."

அவர் உச்சுக்கொட்டினார். திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. கீழேயிருந்து தம்பி, "அக்கா, படம் போட்டுட்டான்!" என்று கத்தினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் இரு என்று என்னிடம் கையைக் காட்டினார். வடக்கே அது இறங்கி மறையும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.

அந்தச் சுற்றின் பின்பாதி எண்கள் எனக்குக் கிடைக்கவில்லை. காற்றில் இரைச்சலே இல்லாத சாயங்காலம். என்ன சொல்லிவிட்டுப் போயிருக்கும் என்று இப்போதும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.