இருளும் கோணம்

சேலத்தில் கல் சோதிக்கும் தனியார் கூடம் ஒன்றில் அறிவுச்செல்விக்கு இருபத்தாறு வருஷ வேலை. கல்லைக் கண்ணாடியில் ஒட்டி, மயிரிழையைவிட மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன கனிமம் என்று எழுதித் தர வேண்டும். வெளிச்சத்தை வடிகட்டி அனுப்பி, நுண்ணோக்கியில் கல் வைத்த தட்டைத் திருப்பினால் கல்லுக்குள் நிறங்கள் மூண்டெழும். இன்னும் திருப்பினால் அணைந்துவிடும். அதைக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. ரிப்போர்ட் வந்தால் போதும் எல்லோருக்கும்.

கிணறு வெட்டும்போது கிடைத்த பச்சைக் கல்லைக் கொடுத்திருந்த எருமப்பட்டித் தீர்த்தகிரி அன்றைக்குக் கேட்டார்.

"ஏனுங்க, அதுக்குள்ளார அப்படி என்னதான் இருக்குது? நானும் பாக்கலாமுங்களா?"

"வாங்கண்ணா, உக்காருங்க!" அவள் துள்ளியெழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே இருட்டுங்க. உங்க கண்ணுக்குத்தான் தெரியுமாட்ட இருக்குது. ரிப்போர்ட்ட வாட்ஸப்புல போட்டுடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேனுங்க."

பழகாத கண், என்ன செய்வது என்று அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இருட்டுதான். கல் இருளும் கோணத்தைக் குறித்தவள் தட்டை அப்படியே விட்டு எழுந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷ வேலைக்காரிக்கு விரலால் ஒரு தள்ளு தள்ளத் தோன்றவில்லையே! தள்ளினாள். ஓரமெல்லாம் ரோஸ் கட்டிய நீலம் கண் நிறையப் பொங்கியது.

வாசலுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதினாள். வடிகட்டாத சாதாரண வெளிச்சத்தில், தேய்த்து மெல்லிசாக்கிய கல்சில்லின் நிறம் என்ன என்று அதில் ஒரு கட்டம் உண்டு.

'நிறமற்றது' என்று நிரப்பினாள்.