ஜாமீன் என்றால் காபி

வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் நோயின் முதல் அறிகுறி எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான காலை நேரச் சட்டக் கல்லூரி அது. பேராசிரியர் என்னை எழுந்து நின்று ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனால் நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த என் தோழி யாஸ்மின், "அக்கா, வாய் ஒரு பக்கமா போகுது. உக்காருங்க" என்றாள். புத்தகம் கையிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது.

யாஸ்மின் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். இன்று நான் இதை எழுதுவதற்கு அவள்தான் காரணம். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம்தான் எல்லாம்.

என் பெயர் கலா. கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்தவள். ஒரு தனியார் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வக்கீல்களுக்காகக் கோப்பைத் தேடித் தேடி, நாமே வக்கீலானால் என்ன என்று தோன்றியது. நாற்பதைத் தாண்டிய பிறகு கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் இப்படி ஆனது.

ஸ்கேன் எடுத்தார்கள். இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு). இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். வலது கையும் காலும் பலவீனமாயின. அதைவிடப் பெரிய இழப்புக்குப் பெயர் அஃபேசியா (சொல்லவும் படிக்கவும் வேண்டிய சொற்கள் கைக்கு எட்டாமல் போவது). எல்லாம் விளங்கியது. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. வந்தாலும் வேறு ஏதோ வந்தது.

கன்னடக்காரரான நரம்பியல் மருத்துவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, உங்க புத்தி எங்கயும் போகல. மாத்து, அதான் பேச்சு, வெளிய வர்ற ரோடு மட்டும் பிளாக் ஆயிருக்கு. வேற ரோடு போடணும். ஸ்வல்ப டைம் ஆகும்."

ரோடு போடும் வேலை பெங்களூரில் எப்படி நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் சேகர் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவர் கேட்டார்: "காபியா, டீயா?"

காபி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஜாமீன்" என்றேன்.

அவர் காபிப் பொடி டப்பாவை எடுத்தார். "குடுத்தாச்சி. சர்க்கர போடட்டுமா?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் வாயின் இடது பக்கம் மட்டும்தான் உயர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காபிக்கு அதுதான் பெயர். என் மகள் நிவேதா, பியூசி (பிளஸ் டூ) படிப்பவள், இன்றும் "ஒரு ஜாமீன் போடும்மா" என்றுதான் கேட்கிறாள்.

பேச்சுப் பயிற்சியாளர் ஷில்பாவிடம் வாரம் தவறாமல் போனேன். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். சீப்பு, சாவி, குடை. குடையைப் பார்த்து "மழை" என்பேன். "பக்கத்து வீட்டுக்கு வந்துட்டீங்க, இன்னும் ஒரு கதவு தட்டுங்க" என்பார் அவர். தமிழ்தான் முதலில் திரும்பியது. கன்னடம் எதிர்பாராத நேரத்தில் எட்டிப் பார்த்தது. ஆங்கிலம்தான் கடைசி. பரீட்சையோ ஆங்கிலத்தில்.

ஒரு மாலை சேகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "படிப்ப விட்டுடலாமா கலா? ஒடம்புதான முக்கியம்."

"பேடா" என்றேன். வேண்டாம் என்பதற்கான கன்னடச் சொல். படிப்பு வேண்டாம் என்கிறேனா, விடுவது வேண்டாம் என்கிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை. இடது கையால் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விளங்கிவிட்டது.

ஆனால் படிக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தின் முடிவுக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனது. நிவேதாதான் தன் கைபேசியில் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை எனக்கும் போட்டுக் கொடுத்தாள். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால், அது சின்னச் சின்ன வாக்கியங்களில் சுருக்கித் தரும். வாசித்தும் காட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டேன்.

அந்தப் பெருமையோடு ஷில்பாவிடம் போனேன். "நேத்து படிச்சதுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ஒன்றுகூட வரவில்லை. சொல் கிடைக்காத வெறுமையை எனக்கு நன்றாகத் தெரியும். இது அதுவல்ல. உள்ளே எதுவுமே போகவில்லை.

"அது படிச்சிருக்கு கலா. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கீங்க" என்றார் ஷில்பா.

வீட்டுக்கு வந்து நானும் நிவேதாவும் முறையையே மாற்றினோம். பத்தியை நான்தான் படிப்பேன், எவ்வளவு நேரமானாலும். பிறகு அது என்னைக் கேள்வி கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. விடையைச் சொல்லக் கூடாது. தடுமாறினால் ஒரு சிறு குறிப்பு மட்டும். இன்று தவறவிட்டதை நாளையும், சில நாள் கழித்தும் மறுபடி கேட்க வேண்டும். சட்டப் பிரிவுகள் மனதில் நிற்க, எங்கள் ஆஸ்டின் டவுன் கடைத்தெருவில் நடப்பது போல வழக்குகளைக் கட்டச் சொன்னோம். தக்காளிக் கடையில் தராசு மோசடி, வாசலில் வைத்த சிலிண்டர் திருட்டு. எங்கள் தெருவில் அத்தனை குற்றங்கள் நடந்திருந்தால் நாங்கள் குடிமாறியிருப்போம்.

இரண்டு தொல்லைகள் இருந்தன. பேசிப் பழகும்போது, நான் சொல்லைத் தேடி நிறுத்தினால் முடித்துவிட்டேன் என்று நினைத்து அது பேசத் தொடங்கிவிடும். ஆகவே இடது கையால் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். இன்னொன்று, எதைச் சொன்னாலும் "அருமை" என்று பாராட்டியது. "தப்பா சொன்னாலும் அருமைங்குது. ஒன் பாட்டி, அதான் என் மாமியார் மாதிரி ஒண்ணு பிடிச்சிட்டு வா" என்று நிவேதாவிடம் சொன்னேன். அந்த வாக்கியம் முழுதாக வந்ததைக் கேட்டு அவள் எழுந்து நின்று கைதட்டினாள். பாராட்டு வேண்டாம், தவறை நேராகச் சொல் என்று கேட்டுக்கொண்ட பிறகு அது திருந்தியது.

மருத்துவர் ஓர் எச்சரிக்கை செய்தார். அடிபட்ட மூளை சீக்கிரம் களைக்கும்; களைத்த பிறகு படிப்பது வீண். ஆகவே கொஞ்சம் படிப்பேன், தூங்குவேன், மறுபடி கொஞ்சம். இரத்த அழுத்த மாத்திரை பற்றிய சந்தேகங்களை மட்டும் செயலியிடம் கேட்கவில்லை. அதற்கு அவர் இருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்போது நாட்டின் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்திருந்தது. பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருந்தன. பெரிய பெரிய வக்கீல்களே மனப்பாடமாக இருந்ததை மறந்து புதிதாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மறக்க வேண்டிய சிரமம் இருக்கவில்லை என்று சேகர் கிண்டல் செய்வார்.

ஒரு நாள் செயலி கேட்டது: நடந்து போகும் பெண்ணின் சங்கிலியைப் பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு ஓடுகிறான். எந்தப் பிரிவு?

304 என்று தட்டினேன். பறிப்பு.

தவறு என்றது. 304 மரணம் விளைவிப்பது தொடர்பானது என்று தெளிவாக, நம்பிக்கையோடு விளக்கியது. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். பல மாதங்களாக எல்லாவற்றிலும் நான்தானே தவறு. ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தை ஒரு முழுக் காலை செலவழித்துப் படித்திருக்கிறேன். இடப்பக்கம், மேலிருந்து இரண்டாவது பத்தி. புத்தகத்தைத் திறந்தேன். 304, பறிப்பு. செயலி சொன்னது பழைய சட்டத்தின் எண்.

"சேகர்" என்று கூப்பிட்டேன். கல்யாணமாகி அன்றுவரை நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சி?"

"அது தப்பு. நான்... நான் ரைட்டு."

அவர் புத்தகத்தைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். "ஒரு ஜாமீன் போடறேன்" என்று சமையலறைக்குப் போனார். செயலியிடம் புத்தகத்தைக் காட்டியதும் அது மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. அதன் பிறகு முக்கியமான எதையும் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல் நான் நம்பவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதும் ஓர் ஆளும் கூடுதல் நேரமும் பரீட்சைக்குக் கிடைத்தன. எழுத வந்த பெண் கண்டிப்பானவள். 'பறிப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல் வராமல், நான் என் தாலிச் சங்கிலியை இழுத்து இழுத்துக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்காணிப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் 'ஸ்னாட்சிங்' தானாக வந்து விழுந்தது. அறையே கேட்கும்படி சொன்னேன். ஒரு பாடம் தவிர எல்லாவற்றிலும் தேறினேன். அதையும் அடுத்த முறை முடித்தேன்; கடைசி ஆண்டையும் அப்படியே.

இப்போது ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் ஒரு பெண் வக்கீலிடம் தொழில் பழகுகிறேன். என் வலது கை, கூப்பிட்ட பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. சொற்களும் அப்படியே. முன்பு அந்த இடைவெளி எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது அதில் உட்கார்ந்திருக்கத் தெரிகிறது.

போன வாரம் கணவரைப் பிரிந்த ஒரு பெண் வந்தாள். "எனக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். மேடம் எடுத்துக் கொடுத்தார்: "வீட்ல பங்கு வேணுமா? ஜீவனாம்சமா?" அவள் தலை குனிந்தாள்.

நான் மேடத்தைப் பார்த்து மெல்லக் கையைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு பேனாவை வைத்தார். காத்திருந்தோம். ஸ்டேஷனுக்குள் ஒரு ரயில் நுழையும் சத்தம் கேட்டு, அடங்கியது.

"என் தையல் மெஷினு மேடம்" என்றாள் அவள். "அது அங்கயே இருக்குது. அத மொதல்ல வாங்கிக் குடுங்க."

இடது கையால் மெதுவாக எழுதிக்கொண்டேன். நான் எழுதி முடிக்கும்வரை அவளும் காத்திருந்தாள்.